ஓட்டுகிறவளும் ஒட்டுகிறவனும்

பீய்ங்... பீய்ங்... பீய்ங்...

தொலைந்த குடையைக் கேட்டு வந்தவர் பதறிப்போய் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

"உங்களை இல்ல. இது என்னோட சத்தம்" என்று மேஜை மேலிருந்த போனைத் திருப்பினாள் டிரைவரம்மா. 'சென்சார் தொடர்பு இல்லை' என்று சிவப்பில் மின்னியது. இடது புஜத்தின் பின்பக்கம் தடவிப் பார்த்தாள். அங்கே இருக்க வேண்டிய, சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய வட்டம் இல்லை. சட்டைக் கைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். கிடைத்தது. சென்சாரை மூடித் தோலைப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒட்டுப் பேட்ச், தோலை விட்டுவிட்டுச் சட்டைத் துணியை ஆசையாகக் கட்டிக்கொண்டிருந்தது.

"சனியன்" என்றாள்.

"கறுப்புக் குடைம்மா. கைப்பிடி வளைஞ்சிருக்கும்" என்றார் வந்தவர், கையை இறக்கலாமா என்று யோசித்தபடி.

"இங்க இருக்கிற எல்லாக் குடையும் கறுப்பு. எல்லாத்துக்கும் கைப்பிடி வளைஞ்சுதான் இருக்கு. உள்ள வந்து எடுத்துக்குங்க. நல்லதாப் பார்த்து எடுக்காதீங்க, உங்களோடதாப் பார்த்து எடுங்க."

பஸ் டிப்போவின் மூலையில் தகரக் கூரை போட்ட அறை அது. பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களுக்கான கவுண்டர். குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, ஒரு பல்செட். ஃபேன் கிடையாது. இருக்கிற ஒரே நாற்காலியின் கால்களை, முன்பு இங்கே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு குட்டை மனிதர் தன் வசதிக்கு அறுத்துவிட்டிருந்தார். அதில் உட்கார்ந்தால் வருகிறவர்களை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். நான்கு மாதமாக டிரைவரம்மா பார்த்துக்கொண்டிருப்பது ஊராரின் மூக்குத் துவாரங்களை.

அதற்கு முன்னால் அவள் இந்த டிப்போவின் மிக நீளமான பஸ்ஸை ஓட்டினாள். ஜன்னலோரம், எல்லோருக்கும் மேலே. கார்க்காரர்களின் வழுக்கை, பைக்குக்காரர்களின் திமிர், பாதசாரிகளின் அலட்சியம் எல்லாம் அங்கிருந்து பார்த்தால் ஒரே உயரம்தான்.

சிறு வயதிலேயே அவள் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது. இடுப்பில் தீப்பெட்டி போல ஒரு பம்ப். அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குள் இன்சுலின் போகும். கையில் இருக்கும் சென்சார் சர்க்கரையை அளந்து போனுக்குச் சொல்லும். ஒரு நாள் பாதி வழியில் சர்க்கரை இறங்குவதாகப் போன் எச்சரித்தது. அவள் பஸ்ஸை ஓரம் கட்டினாள், ஜூஸ் குடித்தாள், எண் ஏறும்வரை காத்திருந்தாள், பிறகு ஓட்டினாள். சட்டப்படி செய்ய வேண்டியது அதுதான். ஆனால் ஆபீசுக்குத் தாமதமான ஒரு கனவான், 'டிரைவர் மயங்கி விழப் பார்த்தார்' என்று புகார் எழுதிவிட்டார். மறுநாளே அவளை இந்த அறைக்குத் தள்ளினார்கள்.

திரும்ப ஸ்டியரிங்கில் உட்கார ஒரே ஒரு வழி. போனில் சென்சார் வரைகிற சர்க்கரைக் கோடு இரண்டு வாரத்துக்கு எங்கேயும் அறாமல் ஓடியிருக்க வேண்டும். இரண்டு தடவை அறுந்துபோனது. இது மூன்றாவது.

டிப்போவின் மருத்துவர் இதுவரை எந்த ஊழியரின் நாடியையும் தொட்டதாகச் சரித்திரம் இல்லை. பேனாவைத்தான் தொடுவார். அதனால் டிப்போவில் அவருக்கு 'கையெழுத்து டாக்டர்' என்று பெயர். மறுநாள் காலையில் அவள் நீட்டிய போனை அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"மறுபடியும் அறுந்திருக்கே?"

"பேட்ச் கழண்டுடுச்சு சார். உடம்புக்கு ஒண்ணும் இல்ல. விரலைக் குத்திப் பார்த்து எழுதி வச்சிருக்கேன்."

"எழுதினது வேற, கோடு வேற. கோடு இல்லாத நேரத்துல நீ மயங்கிக் கிடந்தியோ என்னவோ, எனக்கு எப்படித் தெரியும்?"

"மயங்கிக் கிடந்தா குடையை யார் சார் எடுத்துக் குடுத்தது?"

"குடை பத்தி எனக்குத் தெரியாதும்மா. எனக்குக் கோடுதான் தெரியும்." அவர் பேனாவை மூடினார். "இன்னும் ஒரே தடவை. அதுவும் அறுந்தா அந்தக் கவுண்டரே உனக்கு நிரந்தரம்னு எழுதிடுவேன். வேணும்னா ஒரு ஃபேன் போடச் சொல்றேன்."

ஃபேன். பதினோரு மீட்டர் பஸ்ஸை ஒரு சிராய்ப்பு இல்லாமல் சந்துக்குள் திருப்புகிறவளுக்கு இந்த மேதை தரும் பரிசு, ஃபேன். அவள் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் கைவசம் இருந்தது ஒரே ஒரு சென்சார். அடுத்தது வர ஒரு மாதம் ஆகும். அதைப் பையில் போட்டுக்கொண்டு, நல்ல பேட்ச் ஒன்றைத் தேடி மருந்துக் கடைக்குப் போனாள். பேட்ச் தேர்ந்தெடுப்பதில் அவள் இந்த நான்கு மாதத்தில் பட்டமே வாங்கியிருந்தாள். ஆனால் ஒன்றின் மீதும் அவளுக்கு மரியாதை பிறக்கவில்லை. கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய ரகம் ஒட்டுவதற்கு முன்பே தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். பஞ்சு வைத்த தடிமன் ரகம் வேர்வையைக் குடித்துக் குடித்து ஊறிப்போன ரொட்டி மாதிரி ஆகிவிடும். நடுவில் ஓட்டை வைத்த துணி ரகம் பரவாயில்லை, காற்றுப் போகும், கையை மடக்கினால் கூடவே வரும். வயிற்றில் பம்பின் குழாய் நுழையும் இடத்துக்கு அவள் போடுவது அதைத்தான். அங்கே அது ஒரு நாளும் அசைந்ததில்லை. அதே துணி, அதே பெட்டி, கைக்கு வந்தால் மட்டும் ஓரம் தூக்கிக்கொள்ளும். வயிறு வேர்க்காதா என்ன?

"பூப் போட்டது இருக்கு, பட்டாம்பூச்சி போட்டது இருக்கு" என்றாள் கடைப்பெண், கொட்டாவியை அடக்காமல்.

"பஸ்ல ஏறுறவங்க பார்த்து ரசிக்கவா? நிக்கிற மாதிரி ஏதாவது இருந்தா குடு."

"எல்லாம் நிக்கும்னுதான் பெட்டியில போட்டிருக்கு."

"பெட்டியில போட்டிருக்கிறதைப் படிக்க உனக்குச் சம்பளம் வேற."

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையாகவே பெட்டியைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். "'தோலைக் கழுவித் துடைத்து முழுவதும் காயவிடவும். எண்ணெய், கிரீம் கூடாது. பாதுகாப்புத் திரவம் தடவினால் அதுவும் காய வேண்டும். இழுக்காமல் ஒட்டவும்.' எல்லாம் செய்யுறீங்களா?"

டிரைவரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "எங்க வீட்டுக்காரர் தொழிலே ஒட்டுறதுதான்மா. வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுறவர். அவர்தான் என் கைக்கும் ஒட்டி விடுறார். அவருக்குப் போய் இந்தப் பெட்டி பாடம் எடுக்குமா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, கணவனைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை வெளியில் சொன்னது இதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு மருந்துக் கடையில், கொட்டாவி விடுகிற பெண்ணிடம்.

அவள் கணவனை ஊரே 'ஸ்டிக்கர்' என்றுதான் கூப்பிடும். பஸ் ரூட் முடிகிற ஸ்டாண்டுக்கு எதிரே அவருக்கு ஒரு கடை. பைக்குக்குப் புலி முகம், வேனுக்குக் கம்பெனிப் பெயர், காருக்குக் குழந்தைகள் பெயர். பெரிய படிப்பில்லை, பெரிய பேச்சில்லை, பெரிய எதுவும் இல்லை என்பது டிரைவரம்மாவின் அபிப்பிராயம். கல்யாணமான புதிதில், சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த கூடத்தில் அவள் ஒரு வேடிக்கை சொன்னாள்.

"நான் ஓட்டுறவ, இவர் ஒட்டுறவர். எழுத்துல ஒரு சுழிதான் வித்தியாசம். ஆனா அந்தச் சுழி இருக்கே, அது பஸ் சைஸ்."

கூடம் குலுங்கியது. அவரும் சிரித்தார். எல்லாரையும்விடக் கொஞ்சம் தாமதமாக. அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர், "என்ன மாப்பிள்ளை, சுழி வந்துச்சா?" என்று கேட்காமல் விடுவதில்லை. டிரைவரம்மாவும் அந்த வேடிக்கையைச் சொல்லிச் சொல்லி மெருகேற்றிக்கொண்டே வந்தாள்.

பஸ் ஓட்டிய காலத்தில் அவர் கடை வாசலில் நின்று கையசைப்பார். அவள் ஹாரன் அடிப்பாள். கடைக்கா, குறுக்கே வந்த மாட்டுக்கா என்று யாராலும் சொல்ல முடியாது. கவுண்டருக்கு வந்த பிறகு அவரே மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு தினமும் டிப்போவுக்கு வர ஆரம்பித்தார். மூக்குத் துவாரங்களின் வரிசைக்கு நடுவே ஒரு தெரிந்த முகம் வந்தால் யாருக்கும் கொஞ்சம் இதமாகத்தான் இருக்கும். அவள் அண்ணாந்து, "வந்துட்டீங்களா?" என்பாள். அவர் டிபன் பாக்ஸை வைத்துவிட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை குடைகளைப் பார்த்தபடி நிற்பார். 'கடையில் வேலை வெட்டி இல்லை போலிருக்கிறது' என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

கவுண்டரின் வேர்வைக்குச் சென்சார் தானாக நிற்காது, மேலே பேட்ச் போட வேண்டியிருந்தது. புஜத்தின் பின்பக்கம் அவள் கண்ணுக்கு எட்டாது. அதனால் அங்கே பேட்ச் ஒட்டுவது அவர் வேலை என்று ஆகிவிட்டது. அவரும் அதை ஒரு சடங்கு போலச் செய்வார். ஸ்பிரிட்டால் துடைப்பார், ஊதாமல் காயவிடுவார், தாளை உரிப்பார். பிறகு இரண்டு கைகளாலும் பேட்சை இரண்டு பக்கமும் நன்றாக இழுத்து விறைப்பாக்கி, சென்சாருக்கு மேலே பொருத்தி அழுத்துவார்.

"எதுக்கு இந்த இழுப்பு?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"இழுத்தாத்தான் பிடிப்பு."

"உங்க புலி முகத்துக்கும் இப்படித்தானா?"

"ம்" என்றார்.

அவள் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒட்டுகிற வேலையில் தெரிந்துகொள்ள என்ன இருக்கப்போகிறது?

மருந்துக் கடையிலிருந்து நேராக அவள் ஸ்டிக்கர் கடைக்கு நடந்தாள். புது சென்சாரை அங்கேயே குத்திக்கொண்டு, பேட்சையும் ஒட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விடலாம். கடை வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றிருந்தது. அதன் பக்கவாட்டில் 'கேட்டரிங்' என்ற எழுத்துகளில் பாதி, வாழைப்பழத் தோல் போல உரிந்து தொங்கியது. வேனுக்கு அந்தப் பக்கம் அவள் கணவரும் வேன்காரரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒட்டி ஒரு மாசம்கூட ஆகலைங்க" என்றார் வேன்காரர். "ஸ்டிக்கர் மட்டமா?"

"ஸ்டிக்கர் நல்ல ஸ்டிக்கர்தான். யார் ஒட்டினது?"

"என் மச்சான். தெரியும் தெரியும்னான்."

"உங்க மச்சான் இழுத்து ஒட்டியிருக்கார்" என்றார் ஸ்டிக்கர். வீட்டில் அவள் ஒருபோதும் கேட்டிராத, ஒரு வாத்தியாருடைய குரல் அது. "இங்க பாருங்க. இதுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. நாம இழுத்தா அப்போதைக்கு அழகா உட்காரும். அப்புறம் தன்னோட பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கும். ஓரம் தூக்கும். அந்த ஓரம் அடியில இருக்கிறதையும் சேர்த்துத் தூக்கும். இழுத்த ரெண்டு பக்கமும் முதல்ல போகும், பாருங்க, இங்கயும் அங்கயும்தான் உரிஞ்சிருக்கு. இழுக்கவே கூடாதுங்க. சும்மா வைக்கணும், நடுவுலேர்ந்து வெளிப்பக்கமாத் தேய்க்கணும். இந்தத் தொழிலுக்கு வர்றவனுக்கு முதல் நாள் சொல்லித் தர்றதே இதைத்தான்."

வேனுக்கு இந்தப் பக்கம் டிரைவரம்மா அசையாமல் நின்றாள்.

அவள் கை தானாகப் புஜத்துக்குப் போனது. பழைய பேட்ச் இருந்த இடத்தில், எதிரெதிரே இரண்டு பக்கம் மட்டும், சிவந்த இரண்டு கோடுகள். வேர்வை அலர்ஜி என்று அவள் களிம்பு தடவிக்கொண்டிருந்த கோடுகள். அவளே ஒட்டிக்கொள்ளும் வயிற்றில் அப்படி எதுவும் வந்ததில்லை.

இத்தனை வருஷமாக அவரை ஒரு முட்டாள் என்றே நினைத்திருந்தாள். முட்டாளோடு குடும்பம் நடத்துவதில் ஒரு சௌகரியம் இருந்தது. திட்டலாம், சிரிக்கலாம், மன்னித்தும் விடலாம். இந்த ஆள் முட்டாள் இல்லை. முதல் நாள் பாடம் தெரிந்த ஆள்.

அவள் வேனைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"வந்துட்டியா?" என்றார் ஸ்டிக்கர். முகம் ஒரு கணம் மாறி, பிறகு சரியானது. "உள்ள உட்காரு. கையைக் கழுவிட்டு வந்து ஒட்டி விடுறேன்."

"வேண்டாம்" என்றாள். வேன்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, உங்க சைடு கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிக்கிறேன்."

"தாராளமாம்மா. அப்புறம் பழையபடி வச்சுருங்க."

"டிரைவர்கிட்ட சொல்றீங்க."

சட்டைக் கையைச் சுருட்டினாள். கண்ணாடியைக் கீழே திருப்பி, முழங்கையைத் தூக்கினாள். புஜத்தின் பின்பக்கம் முழுதாகத் தெரிந்தது. பின்னால் வருவதையெல்லாம் கண்ணாடியில் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள், தன் கையைப் பார்க்க ஒரு கண்ணாடி போதும் என்று நான்கு மாதமாக யோசிக்கவே இல்லை. ஒட்டுவது கீழான வேலை, அதை ஒட்டுகிறவன் செய்யட்டும் என்று விட்டிருந்தாள்.

சிவந்த கோடுகளுக்குத் தள்ளி ஓர் இடத்தைத் துடைத்தாள். காயவிட்டாள். சென்சாரை வைத்து அழுத்தினாள், 'டிக்' என்று பதிந்தது. பாதுகாப்புத் திரவத்தைச் சுற்றிலும் தடவி அதையும் காயவிட்டாள். பேட்சின் தாளை உரித்து, இழுக்காமல், காய்ச்சல்காரர் நெற்றியில் ஈரத் துணியைப் போடுவது போலச் சும்மா வைத்தாள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கட்டைவிரலால் தேய்த்தாள். பிறகு உள்ளங்கையால் மூடி, சூடு ஏறும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஸ்டிக்கர், கையில் தேய்ப்பு அட்டையோடு, வேலை பறிபோன மனிதர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, வீட்டம்மா உங்க தொழிலையே கத்துக்கிட்டாங்களே" என்றார் வேன்காரர்.

"இப்பத்தான்ணே. முதல் நாள் பாடம் நடந்துச்சு, காதுல விழுந்துச்சு" என்றாள் டிரைவரம்மா. கண்ணாடியை மயிரிழை பிசகாமல் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, கணவரைப் பார்க்காமல் நடந்தாள்.

அதன்பின் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காததைப் போல ஒரு சவுக்கு கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். மதியம் அவர் வழக்கம்போல டிபன் பாக்ஸோடு வந்தார். அவள் குனிந்தபடியே வாங்கி வைத்தாள். அவர் சட்டைப் பொத்தானுக்கு மேலே அவள் பார்வை ஏறவில்லை. அவர் கொஞ்ச நேரம் குடைகளைப் பார்த்தார். பிறகு போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். தகரக் கூரை கொதித்தது, சட்டை முதுகோடு ஒட்டியது, பேட்ச் மட்டும் நகரவில்லை.

கோடு அறாமல் ஓடியது. கையெழுத்து டாக்டர் அதை இடமிருந்து வலமாகவும், நம்பிக்கை இல்லாமல் வலமிருந்து இடமாகவும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எங்காவது ஒரு பொத்தல் கிடைக்காதா என்று தேடும் முகம். கிடைக்கவில்லை.

"எப்படி இந்தத் தடவை மட்டும் நின்னுச்சு?"

"ஆளை மாத்தினேன் சார்."

அவருக்கு விளங்கவில்லை. விளங்காதவற்றில் கையெழுத்துப் போடுவது அவருக்குப் பழக்கம்தான். போட்டார். "அப்போ அந்த ஃபேன் வேண்டாம்னு சொல்லிடவா?"

"போடச் சொல்லுங்க சார். அடுத்து வர்றவங்க ஏன் வெந்து சாகணும்?"

முதல் நாள் டியூட்டியில் அவள் பஸ்ஸை ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்தியபோது மதியமாகியிருந்தது. பயணிகள் இறங்கினார்கள். என்ஜினை அணைத்தாள். எதிரே ஸ்டிக்கர் கடை. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அவர் சாலையைக் கடந்து வருவது மேலிருந்து தெரிந்தது. உச்சந்தலையில் ஒரு வழுக்கை வட்டம் விழுந்திருந்தது. ஏறக்குறைய ஒரு பேட்ச் அளவுக்கு.

அவர் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று பாக்ஸை உயர்த்தினார். அவள் வாங்கவில்லை.

"ஏன் இழுத்தீங்க?" என்றாள்.

"சாப்பாடு ஆறிடும்."

"ஆறட்டும். புலி முகத்தை இழுக்கலை. வேனை இழுக்கலை. என் கையை மட்டும் ஏன் இழுத்தீங்க? நான் அந்த ஓட்டை அறையிலயே கிடந்து வேகணும்னா?"

அவர் பாக்ஸைத் தாழ்த்திக்கொண்டார். விரல்களில் காய்ந்திருந்த பசையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பின்னால் வந்த பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை. கழுத்தை நன்றாகப் பின்னால் சாய்த்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அந்தக் குட்டை நாற்காலியில உட்கார்ந்திருந்தப்போதான் நீ என்னை அண்ணாந்து பார்த்து, 'வந்துட்டீங்களா'ன்னு கேட்டே."